பெயரில்லாத விமானம்

ஜூலை 3, வியாழன்

அப்பாவின் கடைக்குப் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி இது. பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் கிடந்தது. பாதி வருஷம் வெறும் தாளாகப் போய்விட்டது. போனால் போகட்டும், அந்தப் பாதியில் எழுத ஒன்றும் இல்லை.

இன்று இருக்கிறது. விமானத்தின் இறக்கை நகர்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் விமானம் கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. உடல், இறக்கை, வால், எஞ்சின், சக்கரம், சீட்டு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எடுத்துப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, விழுந்தால் ஏன் விழுந்தது என்று மறுபடி கழற்ற வேண்டும். நேற்று நான் சேமித்துவிட்டு மூடியபோது இறக்கை மூன்றாவது கட்டத்தில் இருந்தது. இன்று திறந்தால் நான்காவதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. பாலிடெக்னிக் படிப்புக்காக அப்பா வாங்கியது. விளையாட்டின் கணக்கும் என்னுடையது இல்லை. அதன் பாஸ்வேர்டு இன்னும் ஒருவருக்கு மட்டுந்தான் தெரியும். எந்த ஊரிலிருந்து திறந்தாலும் அதே விமானம்தான் வரும். அந்த ஒருவரை இந்த டைரியில் ‘அந்தப் பக்கம்’ என்றுதான் எழுதுவேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து, இறக்கையை மறுபடி மூன்றாவது கட்டத்துக்கே தள்ளிச் சேமித்தேன். விளையாட்டே தானாக மாற்றியதா என்று பார்க்கத்தான்.

ஜூலை 4

நான்காவது கட்டம்.

ஜூலை 8

நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சூடு பிடித்திருக்கும் என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள்.

விளையாட்டில் இரண்டு உருண்டைகள் தெரியும். சிவப்பு உருண்டை விமானத்தின் எடை எங்கே கூடி நிற்கிறது என்று காட்டும். நீல உருண்டை இறக்கை எந்த இடத்தில் தூக்கிப் பிடிக்கிறது என்று காட்டும். சிவப்பு எப்போதும் நீலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும். எங்கள் விமானத்துக்கு எஞ்சின் வாலில் இருப்பதால் எப்போதும் பின்பாரம். அதற்காக நான் பெட்ரோல் டாங்கை மூக்கில் வைத்தேன். உருண்டைகள் அழகாக நின்றன. ரன்வேயை விட்டுக் கிளம்பும்போது கொக்கு மாதிரி எழும்பியது.

அந்தப் பக்கம் டாங்கை எடுத்து நடுவில், இறக்கைக்குக் கீழே வைத்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போதே துள்ளுகிறது. இறக்கை விஷயத்தில் விட்டுக்கொடுத்தேன். டாங்கை மூக்குக்கே கொண்டுபோனேன்.

ஜூலை 9

டாங்க் மறுபடி நடுவில். நானும் மறுபடி மூக்கில் வைத்தேன். முன்பும் இப்படித்தான், ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று.

இதை எழுதியிருக்கக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

இந்திரா அத்தை விருதுநகரிலிருந்து வந்தார். அப்பாவின் தங்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். அவர் மகள் ஹரிணிக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, கம்ப்யூட்டர் கோர்ஸ்.

“ஏன் மருமகளே, அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கீகளா? சும்மா கிடந்தா பல்லி முட்டை போட்டுரும்.”

யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும், தொண்டைக்கு மேலே வராது. அத்தை துணியைத் தூக்கிப் பார்த்தார். “என்னடி இது, மானிட்டருக்குப் பொட்டு வச்சிருக்கு?”

திரையின் மேல் மூலையில் கணக்கின் பெயர் வரும். அது தெரியாமலிருக்க ஸ்டிக்கர் பொட்டு மூன்றை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

“போன ஆயுத பூஜைக்கு வச்சது மதினி. எடுக்க மறந்துட்டோம்” என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆயுத பூஜைக்கு யாரும் அதைத் திறக்கக்கூட இல்லை.

சாப்பிடும்போது அத்தை அப்பாவிடம் கேட்டே விட்டார். “அண்ணே, அதை ஹரிணிக்குக் குடுத்துரு. பெரியவ பண்ணிட்டுப் போன காரியத்துக்கு அதைப் பாக்கப் பாக்க உனக்குத்தான் வயித்தெரிச்சல்.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “தீபாவளி போகட்டும். கார்த்திகைல வந்து எடுத்துக்க” என்றார்.

மூன்று டம்ளர் கழுவினேன். கழுவியதையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

ஜூலை 17

விமானத்தில் ஒரு சீட்டு கூடியிருக்கிறது.

முன்னால் ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டுதான் இருந்தன. இப்போது பின் சீட்டுக்கும் பின்னால் சின்னதாக ஒன்று. ஒவ்வொரு சீட்டுக்கும் உட்காருபவரின் எடையைப் போட ஒரு கட்டம் உண்டு. பெரிய சீட்டுகளில் அறுபது எழுபது என்று இருக்கும். இதில் 0.3 என்று இருக்கிறது.

முந்நூறு கிராம், நாலு தக்காளி எடை. அதைச் சுமக்க ஒரு சீட்டா? சீட்டின் எடைக்கே சிவப்பு உருண்டை பின்னால் நகர்ந்துவிட்டது. மூக்கில் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றிச் சரி செய்தேன். சீட்டை எடுத்துவிடலாம் என்று கைபோனது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1

நெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று மெசேஜ் வந்ததாம். அப்பா போனைப் பார்த்துவிட்டு, ‘கட்டியாச்சு’ என்று பொதுவாகச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இப்படித்தான். வீட்டில் நெட் யாருக்கும் தேவையில்லை என்று போன வருஷம் சொன்னவரும் அவர்தான்.

துவரம்பருப்பில் வண்டு வைத்துவிட்டது. வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 12

இன்று மாட்டிக்கொண்டேன்.

விளையாட்டில் இரண்டு தீவுகள். எங்கள் விமானம் சின்னத் தீவிலிருந்து கிளம்பிக் கடலைத் தாண்டிப் பெரிய தீவில் இறங்க வேண்டும். ரன்வேயில் ஒரு கொடி நட்டு அங்கே போகவேண்டும் என்று அந்தப் பக்கம் குறி வைத்திருக்கிறது. முழுதாக ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஆகும். நான் ஒரு நாளும் முழுதாக ஓட்டியதில்லை. கிளம்பி, உயர்ந்து, நேராக நின்றதும் நிறுத்திவிட்டு வேறு எதையாவது மாற்றி முதலிலிருந்து கிளம்புவேன். அதற்குள் அடுப்பிலிருந்து ஏதாவது கூப்பிடும்.

இன்று பாதிக்கு மேல் போயிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா. கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் வந்திருக்கிறார். நான் திரும்பிய அதே நேரம் விமானம் மூக்கைத் தூக்கி, மல்லாந்து, சுழன்று கடலில் விழுந்தது. கை தவறிவிட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டுகளையும் பார்த்திருப்பார்.

“ஏன் கவுந்துச்சு?”

“தெரியலப்பா.”

“பெட்ரோல் தீந்துருச்சோ?”

“இருக்குப்பா.”

“எங்க போகணும் அது?”

கொடி இருக்கும் தீவைக் காட்டினேன். “போய்ச் சேருமா?” என்றார். அதற்கு நான் சொல்வதற்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 13

காரணத்தை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருப்பது எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

போன வருஷம் ஆனி மாதம். அந்தக் கல்யாணம் முடிந்து போட்டோ அப்பாவின் போனுக்கு வந்த மறுநாள். மாப்பிள்ளை வேறு ஆட்கள், அதுதான் விஷயம். அப்பா என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய் என் கையை எடுத்து அம்மாவின் தலையில் வைத்தார். “அவகூடப் பேச மாட்டேன், அவளுக்கு எழுத மாட்டேன், அவ பேரைச் சொல்ல மாட்டேன். சொல்லு.” அம்மா அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தாள். என் கை ஈரமானது. சொன்னேன். அதை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்.

நான் பேசவில்லை. எழுதவில்லை. விமானத்துக்குப் பெயர் போடும் கட்டத்தில் ஒரு எழுத்துகூட நான் தட்டியதில்லை. இன்னமும் அது ‘பெயரில்லாத விமானம் 7’ தான். இறக்கையை நகர்த்துவது எழுதுவது ஆகாது. இதை நிறைய யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

அந்தப் பக்கமும் எதையும் எழுதுவதில்லை. சத்தியம் வாங்கியது அதற்கும் தெரியும்போல. அல்லது எழுதினால் நான் பயந்து திறக்காமல் போய்விடுவேன் என்று தெரியும்.

பள்ளிக்கூடம் நின்றதும் அதே வாரம்தான். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு வாரம் போயிருந்தேன். எனக்கே பள்ளிக்கூடம் அவ்வளவாகப் பிடிக்காது, எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 30

ஹரிணி காலேஜ் பையோடு நிற்கும் போட்டோவை அத்தை அனுப்பியிருந்தார். பை நன்றாக இருக்கிறது. தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்தேன்.

செப்டம்பர் 2

சின்ன சீட்டில் 1.1.

நான் எதுவும் யோசிக்கவில்லை. சரி செய்துவிட்டுச் சேமித்தேன். டாங்க் மூக்கில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நடுவுக்கு நகர்த்தும், நான் மூக்குக்கு நகர்த்துவேன். கிளம்பும்போது எவ்வளவு நன்றாக எழும்புகிறது என்று அந்தப் பக்கம் பார்ப்பதில்லையா?

செப்டம்பர் 25

அம்மா பக்கத்தில் வந்து முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் திரையைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. நான் எழுந்து போகப் பார்த்தேன்.

“இரு. என்ன அது, சின்னதா?”

“சீட்டும்மா.”

“யாருக்கு?”

“தெரியாது. எடை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. முதல்ல முந்நூறு கிராம் இருந்துச்சு. இப்ப ஒண்ணே முக்கால்.”

அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். உருவ இலை இல்லாத காம்பையும் உருவினாள்.

“முந்நூறு எப்ப?”

“ஆடி ஒண்ணாந்தேதி வாக்குல.”

விரலை மடக்கி எண்ணினாள். எண்ணிவிட்டு எழுந்து போய், கீரையை அப்படியே வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். “நீ விளையாடு” என்றாள். இதற்கு முன் அவள் என்னை விளையாடு என்று சொன்னது எனக்கு ஆறேழு வயதில் இருக்கும்.

அக்டோபர் 16

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சாத்தூர் கடைவீதிக்கு நானும் அம்மாவும் போனோம். எனக்கு ஒரு சுடிதார், அப்பாவுக்குச் சட்டை. வரும் வழியில் அம்மா வளையல் கடையில் நின்று கண்ணாடி வளையல் வாங்கினாள். பச்சையும் சிவப்புமாக நிறைய. போட்டுப் பார்த்தேன், கையில் சுற்றிக்கொண்டு முழங்கை வரை ஓடியது. அளவு எனக்குப் பெரிது.

“பெருசா இருக்கும்மா.”

“இருக்கட்டும்.”

பீரோவில் புதுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, தீபாவளி

முறுக்கு, மைசூர்பாகு. அப்பா ஒரு சரவெடி வைத்தார். நான்கு பேருக்கு இலை போடும் பழக்கத்தில் அம்மா நான்கு இலை நறுக்கிவிட்டாள். ஒன்றை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். போன வருஷமும் இப்படியே நடந்தது.

அக்டோபர் 24

அப்பா கடைக்குப் போனதும் அம்மா பீரோவிலிருந்து வளையல்களை எடுத்து வந்து கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தாள்.

“சங்கவி, அதுல வளையம் மாதிரி ஏதாவது போட முடியுமா?”

“எதுல?”

“அந்தப் பிளேன்லதான். உடம்பைச் சுத்தி.”

அலங்காரத்துக்கு வளையங்கள் இருக்கின்றன, யாரும் போடமாட்டார்கள். காற்றைப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன்.

“குறைஞ்சா குறையட்டும். ஒன்பதாம் மாசம் பொறந்தாச்சு. வெறுங்கையா இருக்கக் கூடாது.”

அதற்குமேல் நான் தெரியாதவள் மாதிரி இருக்க முடியவில்லை. ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று வரிசையாக விமானத்தின் உடம்பில் மாட்டினேன். அம்மா ஒவ்வொரு வளையத்துக்கும் மேஜையிலிருந்து ஒரு வளையலை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தாள். கடைசியில், “ஒத்தப்படையா இருக்கா பாரு” என்றாள். இல்லை. ஒன்று சேர்த்தேன். குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து திரையில் வைக்கப் போனாள், கறை போகாது என்று தடுத்தேன். மூக்கின் நுனிக்குச் சிவப்பு வண்ணம் அடித்துக் காட்டினேன். போதும் என்றாள்.

சேமித்தேன். இதுவும் எழுதுவது ஆகாது.

அக்டோபர் 26

அந்தப் பக்கம் ஒரு வளையத்தையும் கழற்றவில்லை. எஞ்சின் சக்தியை மட்டும் ஒரு புள்ளி கூட்டியிருக்கிறது. சின்ன சீட்டில் 2.4.

அம்மாவிடம் சொன்னேன். மிச்சமிருந்த மைசூர்பாகை எடுத்து என் வாயில் திணித்தாள்.

நவம்பர் 9

ஒரு வாரமாக அந்தப் பக்கம் திறக்கவில்லை. கடைசியாகச் சேமித்த நேரம் அப்படியே நிற்கிறது.

நவம்பர் 12

இன்றும் இல்லை. அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். மசாலா டப்பாக்களை உயரப்படி அடுக்கினேன், பிறகு நிறப்படி. அம்மா ஒவ்வொரு தடவை அறையைத் தாண்டும்போதும் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

நவம்பர் 14

அத்தை போன் செய்தார். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வருகிறாராம். அப்பா ‘சரி’ என்றார்.

அந்தப் பக்கத்தின் ஊர் தெரியாது, நம்பர் தெரியாது. கம்ப்யூட்டர் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. ஹரிணி முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவாள். எனக்குப் பாஸ்வேர்டு தெரியும், ஆனால் எதில் திறப்பது? என் போனையும் போன வருஷமே வாங்கிவிட்டார்கள்.

நவம்பர் 18

இருக்க முடியவில்லை. வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிறுத்தவில்லை. எப்போதும் நிறுத்தும் இடம் தாண்டியது. குக்கர் விசில் அடித்தது, அம்மா பார்த்துக்கொண்டாள். அப்பாவின் வண்டி வந்து கேட் திறந்தது. எழுந்து தட்டு வைக்கவேண்டிய நேரம். எழவில்லை. “அவ வரலையா?” என்று அப்பா கேட்பதும், “தலைவலிங்க” என்று அம்மா சொல்வதும் கேட்டது.

பெரிய தீவு நீலக் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போது மூக்கு தானாக மேலே போனது. அழுத்திப் பிடித்தேன். கேட்கவில்லை. மல்லாந்து, சுழன்று, கடலில் விழுந்தது.

இந்தத் தடவை யாரும் பின்னால் வந்து நிற்கவில்லை. கை தவறவில்லை.

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். கால் டாங்க் இருந்தது. கட்டும் இடத்துக்குத் திரும்பி வந்து உருண்டைகளைப் பார்த்தேன். அழகாக நிற்கின்றன. அப்படியானால் ஏன்? ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. உருண்டைகளுக்குக் கீழே ஒரு நகர்த்தும் பட்டை இருக்கிறது, டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்கு. அது எப்போதும் ‘முழுசு’ என்ற முனையிலேயே இருக்கும், நான் தொட்டதே இல்லை. மெதுவாகக் ‘காலி’ பக்கம் இழுத்தேன். மூக்கில் இருந்த பெட்ரோல் குறையக் குறையச் சிவப்பு உருண்டை பின்னால் ஊர்ந்தது. நீலத்தைத் தொட்டது. தாண்டிப் போய் நின்றது.

நடுவில் டாங்க் இருந்தால், தீர்ந்தாலும் உருண்டை நகராது. அந்தப் பக்கம் ஜூலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கிளம்புவதை மட்டுமே பார்த்துப் பார்த்து, போய்ச் சேருவதைப் பார்க்கவே இல்லை.

நவம்பர் 19

டாங்கை நடுவில் வைத்தேன். துள்ளல் போவதற்கு இறக்கையை இன்னும் ஒரு கட்டம் பின்னுக்கு, ஐந்தாவதுக்கு இழுத்தேன். பட்டையை முழுசிலிருந்து காலி வரை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு அசையவில்லை. சேமித்தேன்.

அந்தப் பக்கம் இன்னும் திறக்கவில்லை.

நவம்பர் 21

இல்லை.

நவம்பர் 24

காலை பத்து மணி இருக்கும். சேமித்த நேரம் மாறியிருந்தது. இறக்கை அப்படியே, டாங்க் அப்படியே. சின்ன சீட்டைத் திறந்தேன்.

2.8.

அம்மா கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் எதிரில் நின்றேன். விரலால் இரண்டு காட்டி, பிறகு எட்டு காட்டினேன். அம்மா புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. பிழிந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுச் சோப்புக் கையோடு உள்ளே வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

“ரெண்டு எண்ணூறு. நல்ல எடைதான். நீ ரெண்டரைதான் இருந்த.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், சோப்பு பட்டு இன்னும் எரிந்தது, சிரித்தாள். “பொண்ணா, பையனானு கேளு.”

“எப்படிம்மா? எழுதக் கூடாது.”

“ஏன்?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்ல. உன் தலையில.”

அம்மா என்னையே பார்த்தாள். ஒன்றரை வருஷமாக நான் அதைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் வலதுகையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். இன்றும் ஈரத் தலைதான்.

“என் தலைதானடி? உங்கப்பா தலை இல்லையே. நான் சொல்றேன், கையை எடு.”

எடுத்தேன்.

“அம்புட்டுத்தான். எழுது.”

சொல்லிவிட்டு மூலையில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேஜை ஓரத்தில் ஒட்டினாள். பசை கொஞ்சம் தங்கிவிட்டது. அதற்குக் கீழே பெயர் தெரிந்தது. மஞ்சரி.

என் அக்கா பெயர் மஞ்சரி. மஞ்சரி, மஞ்சரி. ஆனதா ஏதாவது? அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், துணி காயப்போடுகிறாள்.

பெயர்க் கட்டத்தில் ‘பெயரில்லாத விமானம் 7’ஐ அழித்துவிட்டுத் தட்டினேன்: பொண்ணா பையனா? அம்மா கேக்குறாங்க. 30ஆம் தேதிக்குள் சொல்லு.

நவம்பர் 26

பதில் இல்லை. பிள்ளை பெற்றவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாமா என்று அம்மாவே கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் போய்ப் பார் என்றும் அவளேதான் சொல்கிறாள்.

நவம்பர் 29

இன்னும் இல்லை. நாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விமானத்தைக் கிளப்பினேன். முக்கால் மணி நேரமும் அவள் கையில் பாதி நறுக்கிய சுரைக்காய் இருந்தது. கடல் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனாலும் ஒவ்வொரு அலையாகப் பார்த்தாள். போன தடவை விழுந்த இடம் வந்தது. “இங்கதாம்மா” என்றேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு தூக்கவில்லை. வளையங்களோடு, ஆட்டம் இல்லாமல் போய்க் கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது. கடைசியில் ஒரு சக்கரம் மட்டும் புல்லில் இறங்கிவிட்டது.

“இறங்கச் சொல்லு” என்றாள் அம்மா.

விளையாட்டில் யாரும் இறங்க முடியாது. அதை நான் சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அத்தை சீக்கிரமே வந்துவிட்டார். ஆட்டோ வாசலில் நின்றது. அப்பா வீட்டில் இருந்தார். காலையிலிருந்து இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டேன், என் கேள்வி மட்டுமே அங்கே இருந்தது.

“என்ன மருமகளே, வயரைக் கழட்டு. மீட்டர் ஓடுது.”

அப்பா மேஜைக்குப் பின்னால் குனிந்து வயரைப் பிடித்தார்.

“கொஞ்சம் இருங்க அத்தை” என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாக இருந்தது. அத்தை வாயை மூடிக்கொண்டு பார்த்தார். அப்பா குனிந்தபடியே நின்றார். நான் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, விளையாட்டைத் திறந்தேன். சுற்றியது, சுற்றியது.

பெயர் மாறியிருந்தது.

‘பொண்ணு. அம்மா சாயல். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். டாங்க் இப்பத்தான் சரி, சங்கு.’

அதற்குக் கீழே ஒரு போன் நம்பர்.

நிமிர்ந்தபோது அப்பா என் தோளுக்குப் பின்னால் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதடு அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தார். மூலையில் பெயர் இருந்தது, பொட்டு இல்லாமல். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

“என்னண்ணே போட்டிருக்கு? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல” என்றார் அத்தை.

“ஏதோ விளையாட்டு” என்றார் அப்பா.

வயரை விட்டார். கையிலிருந்த தூசியைத் தட்டினார். “இந்திரா, ஹரிணி இந்த டப்பாவை பஸ்ல ஏத்தி ஹாஸ்டலுக்குக் கொண்டுபோவாளா? லேப்டாப்தான் தோது. தை பொறக்கட்டும், நான் பாத்துக்குறேன். வா, ஆட்டோவை அனுப்பிட்டுக் காப்பி குடி.”

“இதை அஞ்சு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்லண்ணே” என்று அத்தை முணுமுணுத்தார். அப்பா அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். சாயங்காலம் மூடிக் கிடக்கும் கடைக்கு, ஞாயிற்றுக்கிழமையில், சாவி எடுத்துக்கொண்டு போனார்.

நம்பரை அம்மா அரிசி டப்பா மூடிக்கு உள்பக்கம் எழுதி வைத்தாள்.

டிசம்பர் 1

நெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

மதியம் அப்பா சாப்பிட வந்தார். சுரைக்காய்க் கூட்டு, அப்பளம். முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. அம்மா சோறு வைத்தாள், நான் தண்ணீர் வைத்துவிட்டுக் கூடவே சாப்பிட உட்கார்ந்தேன். மோருக்குச் சோற்றைக் குழி செய்துகொண்டே, என்னையும் பார்க்காமல் அம்மாவையும் பார்க்காமல் கேட்டார்.

“அந்தப் பிளேனு போய்ச் சேந்துச்சா?”

“சேந்துருச்சுப்பா.”

மோரை ஊற்றிப் பிசைந்தார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“திரும்பி வர்றதுக்குப் பெட்ரோல் இருக்கா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட. பாதிச் சோற்றில் எழுந்து, கையைக் கழுவாமல் இடதுகையாலேயே கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெரிய தீவில், கொடிக்குப் பக்கத்தில், புல்லில் ஒரு சக்கரம் இறங்கியபடி விமானம் நின்றது. முள்ளைப் பார்த்தேன். பத்தாது.

நடுவில், முதல் டாங்கை ஒட்டி, இன்னொன்று வைத்துச் சேமித்திருக்கிறேன்.